பெயர் கூப்பிடும் சனிக்கிழமை

கையைப் பிடித்து அந்த இரும்புக் கதவு வரைக்கும் என்னைக் கூட்டிப்போன மரியாயி அக்கா,

உங்களைப் புதைத்து மூன்று மாதம் ஆகிறது. ஹட்டனில் மழை இன்னும் விடவில்லை. மாதா கோயிலுக்குப் பின்னால் நீங்கள் இருந்த அறைக்கு வேறொரு குடும்பம் வந்துவிட்டது. அவர்கள் வீட்டுக் கோழி அந்தப் படியில் ஏறி இறங்குகிறது. அந்தப் பக்கமாகப் போவதை நான் விட்டுவிட்டேன்.

பெரிய மனிதர்கள் இறந்தால் பத்திரிகையில் படம் போட்டு எழுதுகிறார்கள். உங்களுக்குப் படமே கிடையாது. ஒரு தடவைகூட நீங்கள் படம் பிடித்துக்கொண்டதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவதைப் போடுவார்களோ என்னவோ. போட்டால் நீங்கள் யார் என்று நாலு பேருக்குத் தெரியட்டும். போடாவிட்டால் இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் என்று இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்களிடம் ஒன்றை மறைத்தேன், அக்கா. அதையும் இதில்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

நீங்கள் என்னைத் தேடி வந்த நாள் நினைவிருக்கிறதா? கொட்டகலைக்கு மேலே எங்கள் தோட்டம். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்தில் எனக்கு வேலை. என் வீட்டுக்காரர் தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்காரர். புருஷன் செத்துப்போன ஒருத்தியை தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறையை விட்டு வெளியேற்றக் கங்காணி வந்தபோது தகராறு மூண்டது. ஆள் ஆளைத் தள்ளியதில் கங்காணியின் மண்டை உடைந்தது. யார் கை பட்டது என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் எல்லாருக்கும் முன்னால் நின்றவர் என் வீட்டுக்காரர். நான்கு வருடம் மறியல் வீட்டில் அடைக்கச் சொல்லித் தீர்ப்பாயிற்று.

அதற்குப் பிறகு பைப்படிக்கு நான் குடத்தோடு போனால் அங்கே பேச்சு நின்றுவிடும். ஐந்து மாதம் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கண்டியில் எந்தப் பக்கம் அந்த மறியல், எந்தக் கதவைத் தட்டுவது, எந்தப் பாஷையில் கேட்பது, ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

ஒரு மத்தியானம், பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தபோது, சாக்கை மடித்துத் தலையில் போட்டபடி வாசலில் வந்து நின்றீர்கள்.

"நீதானே கவ்வாத்துக்காரர் பொஞ்சாதி?"

"ஆமாங்க. நீங்க யாரு?"

"ஹட்டன் மாதா கோயில்ல கூட்டிப் பெருக்குறவ. மரியாயி. மாசக் கடைசிச் சனிக்கெழம கண்டிக்குப் போறோம். ஆம்பளைங்க மறியல்ல இருக்குற நாலு பொம்பளைங்க வாராங்க. நீயும் வா."

"எனக்கு வழி தெரியாதுங்க அக்கா. சிங்களமும் வராது."

"தெரிஞ்சவளா இருந்தா இந்த மழையில நான் ஏன் மலையேறி வாரேன்?"

அன்றைக்கே கணக்கப்பிள்ளையிடம் என்னோடு வந்து நின்றீர்கள். மறியல்காரனைப் பார்க்கப் போவதற்கெல்லாம் லீவு கிடையாது என்றார் அவர். நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "ஐயா, தண்டனை அவருக்குத்தான். இவளுக்கும் சேத்துக் குடுத்திருக்காங்கன்னா அந்தக் கடுதாசியக் காட்டுங்க, நாங்க போயிடுறோம்" என்றீர்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு எதையோ எழுதினார். லீவு கிடைத்தது.

நாங்கள் கொட்டகலையில் ஏறுவோம். ரயில் சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்தால் ஹட்டன். மேடையில் நீங்கள் நிற்பீர்கள். பெட்டிக்குள் வந்ததும் உட்காரமாட்டீர்கள். ஒவ்வொருத்தியிடமும் போய், இன்றைக்கு என்ன பேசப்போகிறாய் என்று கேட்பீர்கள்.

"கால் மணி நேரந்தான் குடுப்பாங்க. மூணு விசயத்த மனசுல வச்சுக்க. புள்ளையப் பத்தி ஒண்ணு, வீட்டப் பத்தி ஒண்ணு, மூணாவது அவரு கேக்குறது. அழுவுறதுக்கு வீட்டுல நேரம் கெடக்கு. அங்க பேசணும்."

எங்களில் பாதிப் பேர் கம்பிவலைக்கு முன்னால் போய் நின்றதும் எல்லாவற்றையும் மறந்து அழுதோம். நீங்கள் திட்டவில்லை. அடுத்த மாதம் ரயிலில் திரும்பவும் முதலிலிருந்து கேட்டீர்கள்.

முதல் தடவை நான் அவரைப் பார்க்காமலே திரும்பினேன். மனைவி என்றால் கல்யாணம் பதிந்த துண்டைக் காட்டு என்றார் அங்கிருந்த கிளாக்கர். எங்களுக்கு ஏது துண்டு? தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டோம். லயமே சாட்சி. அந்த லயத்தையா கண்டிக்குத் தூக்கிக்கொண்டு வர முடியும்? திரும்பும்போது பேராதனை வரைக்கும் நான் அழுதேன். நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு ஏதோ யோசித்தபடி வந்தீர்கள். எனக்குக் கோபம்கூட வந்தது.

அடுத்த மாதம் வேறொரு கிளாக்கர் இருந்தார். என்னை வாயைத் திறக்க விடாமல், "நங்கி" என்றீர்கள். தங்கச்சி. அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். தங்கச்சிக்கு அவர் எந்தத் துண்டும் கேட்கவில்லை.

உள்ளே போகும்போது என் காதில் சொன்னீர்கள்: "காவல்காரருக்குத் தமிழ் வெளங்கும். அண்ணேன்னு கூப்புடு."

அக்கா, எட்டு வருடம் குடும்பம் நடத்திய மனுஷனைப் பார்த்து நான் "அண்ணே" என்றேன். அவர் வலைக்கு அந்தப் பக்கம் மெலிந்துபோய், தலையை மழித்து, யாரோ போல நின்றார். என் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. அந்த வார்த்தையைக் கேட்டதும் அப்படியே இருண்டது. நான் கண்ணைக் காட்டினேன். அவருக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு, "சொகமா இருக்கியா தங்கச்சி?" என்றார். மூன்றரை வருடம் நாங்கள் அப்படித்தான் பேசினோம். உன்னை நினைக்காத நாள் இல்லை என்று ஒரு தங்கச்சியிடம் எப்படிச் சொல்வது? அவர் சொல்லவில்லை. தோட்டத்தில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாயா என்று கேட்பார். எங்கள் வாசலில் பூச்செடியே கிடையாது. அதை வைத்து நான் புரிந்துகொள்வேன்.

அங்கே நிற்கும் வயதான காவல்காரர் ஒருநாள் உங்களைக் கூப்பிட்டு, "அக்கே, அந்தத் தங்கச்சி அண்ணனைப் பாத்து எதுக்கு வெக்கப்படுது?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு எங்கள் முறை வரும்போதெல்லாம் அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். அந்த மனிதருக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

எங்களோடு வருகிற வெள்ளையம்மாவின் குழந்தையை அதன் அப்பா முதன்முதலில் பார்த்தது உங்கள் கையில்தான். அவள் இரண்டடி பின்னாலேயே நின்றுவிட்டாள். நீங்கள் குழந்தையை வாங்கி, துணியை விலக்கி, வலையோடு ஒட்டிப் பிடித்தீர்கள். வலை ஓட்டைக்குள் அவன் சுண்டுவிரல் நுனிதான் நுழைந்தது. குழந்தை அதைப் பிடித்துக்கொண்டது. மணி அடித்த பிறகும் அவனால் விரலை எடுக்க முடியவில்லை.

இதையெல்லாம் செய்து முடித்த பிறகுதான் உங்கள் மகன் பெயர் எழுதிய துண்டுக் காகிதத்தைக் கொடுப்பீர்கள். கடைசித் துண்டு. காவல்காரர் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போவார். அந்தோனி என்று கூப்பிடுகிற சத்தம் எங்களுக்கே கேட்கும். கொஞ்ச நேரத்தில் அவர் தனியாக வந்து தலையை அசைப்பார். வரமாட்டானாம். நீங்கள் போய்ச் சுவரோரத்து வாங்குப் பலகையில் உட்காருவீர்கள். மணி அடிக்கும் வரைக்கும் கதவையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, "வாங்கடி, ரயிலு போயிரும்" என்பீர்கள்.

ஆறேழு மாதம் கழித்துத்தான் நான் கேட்டேன். நாவலப்பிட்டியைத் தாண்டி ரயில் மெதுவாக மலையேறிக்கொண்டிருந்தது.

"அவன் ஏன்க்கா வரமாட்டேங்குறான்?"

"நான்தான் அவன உள்ள தள்ளினேன்" என்றீர்கள்.

உங்கள் புருஷன் உங்களை அடிக்காத நாள் இல்லை என்றும், ஒருநாள் மண்வெட்டிக் காம்பால் அடித்தபோது அந்தோனி அதைப் பிடுங்கித் திருப்பி அடித்தான் என்றும், ஒரே அடியில் அவர் உயிர் போய்விட்டது என்றும் சொன்னீர்கள். பயத்தில் அவன் தேயிலைக்குள் ஓடிவிட்டான். பொலீஸ் வந்து பக்கத்து அறைக்காரனைப் பிடித்துக்கொண்டு போனது. முதல்நாள் அவனுக்கும் உங்கள் புருஷனுக்கும் வாய்ச்சண்டை நடந்திருந்தது. அந்தோனி வீட்டுக்குத் திரும்பி வந்தான். வந்தவன் வாயைத் திறக்கவில்லை.

"பாக்கியம், பக்கத்து வீட்டுக்காரனுக்கு அஞ்சு புள்ளைங்க. அவன் பொஞ்சாதி என் காலப் புடிச்சா. எனக்குத்தான் தெரியுமே. கோர்ட்டுல கேட்டாங்க. எம்மவன்தான் அடிச்சான்னு சொன்னேன். என்னைக் காப்பாத்தத்தான் அடிச்சான்னும் சொன்னேன். அத யாரு எழுதிக்கிட்டாங்கன்னு தெரியல. பதினஞ்சு வருசம். அன்னைக்கு அவன் என்னைப் பாத்தான் பாரு. அதுக்கப்புறம் பாக்கல."

உங்கள் குரலில் அழுகை இல்லை. நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். பினாயில் வாசம் அடிக்கிற, வெடித்துப்போன கை.

"கோவமா இருக்கான். இருக்கட்டும். கோவம் ஆறுறப்ப நான் அங்க இல்லாமப் போயிறக் கூடாது" என்றீர்கள்.

என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். வந்த முதல் வாரத்தில் அவரிடம் கேட்டேன்: மரியாயி அக்கா மகனைத் தெரியுமா? தெரியும் என்றார். இரண்டு பேரும் ஒரே தச்சுப் பட்டறையில் வேலை செய்திருக்கிறார்கள். பிறகு அவர் சொன்னதைத்தான், அக்கா, நான் உங்களிடம் மறைத்தேன்.

பார்க்க வருகிற சனிக்கிழமைகளில் அந்தோனிதான் முதலில் எழுந்து குளிப்பானாம். துவைத்து வைத்த சட்டையைப் போடுவானாம். பெயர் கூப்பிடும் வரைக்கும் கதவுப் பக்கமே உட்கார்ந்திருப்பானாம். கூப்பிட்டதும் எழுந்து நிற்பானாம். நின்றபடியே, வரவில்லை என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துவிடுவானாம். அன்றைக்குச் சோறு தின்னமாட்டானாம்.

"அந்த அக்காகிட்ட இதச் சொல்லிறாத. தெரிஞ்சா இன்னும் ஒடஞ்சு போவாங்க. அவனா வரட்டும்" என்றார் இவர்.

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. உங்களுக்கு ஆசையைக் காட்டி, பிறகும் அவன் வராமல் போனால்? இப்படியே ஒரு வருடம் ஓடிவிட்டது. ஒவ்வொரு மாதமும் உங்களோடு வந்தேன். எனக்கு உள்ளே ஆள் இல்லாவிட்டாலும் வந்தேன். அந்த வாங்கில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை இருந்ததா, இல்லையா? அதை முடிவு செய்ய நான் யார்?

டிக்கோயா ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சளியோடு படுத்திருந்தீர்கள். மூச்சு விசில் போல இழுத்தது. அன்று சாயந்தரம் என்ன கேட்டீர்கள், நினைவிருக்கிறதா?

"இந்த மாசச் சனிக்கெழம யாரு கூட்டிட்டுப் போறா?"

"நான் போறேன்க்கா."

"அந்தோனி பேரையும் குடு. மறந்துறாத."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தாதி வந்து நேரமாயிற்று, போங்கள் என்றாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்தேன். மறுநாள் மத்தியானம் கஞ்சி கொண்டுவந்தபோது உங்கள் கட்டிலில் வேறொருத்தி படுத்திருந்தாள்.

உங்கள் அடக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? டிக்கோயாவிலிருந்து வந்தார்கள். ராகலையிலிருந்து இரண்டு பேர் பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு மாதா கோயில் செபம் தெரியாது. சேலையால் தலையை மூடிக்கொண்டு மழையில் சும்மா நின்றார்கள். அந்தப் பக்கத்து அறைக்காரனும் வந்தான். குழிக்குப் பக்கத்தில் வராமல் வேலியோரம் நின்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

சனிக்கிழமை வந்தது. நான் போனேன். ஹட்டன் மேடையில் ரயில் நின்றபோது எல்லாரும் நீங்கள் நிற்கிற இடத்தைப் பார்த்தார்கள். நான் எழுந்து ஒவ்வொருத்தியிடமும் போய், என்ன பேசப்போகிறாய் என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

கடைசியாக அந்தோனியின் துண்டைக் கொடுத்தேன். என்ன உறவு என்றார்கள். அம்மாவின் தங்கச்சி என்றேன். அந்த வயதான காவல்காரர் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கைப் பார்த்தார். "அம்மே?" என்றார். நான் தலையை அசைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அக்கா, அவன் வந்தான்.

அவன் நெற்றி உங்கள் நெற்றி. துவைத்த சட்டை போட்டிருந்தான். வலைக்கு அந்தப் பக்கம் நின்று, என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் வாங்கைத் தேடினான்.

"எங்கம்மா எங்க? பாக்க வந்தது வேற யாரோன்னு பேரு சொன்னாங்க."

மூன்று விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"தம்பி, அம்மா போயிட்டாங்க. பத்து நாளாச்சு."

அவன் இன்னும் வாங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னது விளங்கவில்லையோ என்று நினைத்தேன். பிறகு கேட்டான்: "பக்கத்துல யாரு இருந்தா?"

"அதுக்கு மொத நா சாயந்தரம் வரைக்கும் நான் இருந்தேன். போறப்ப யாரும் இல்ல."

"என்னையப் பத்தி எதுவும் சொன்னாங்களா?"

"ஒங்க பேரக் குடுக்க மறந்துறாதன்னு சொன்னாங்க."

அவன் விரல்களை வலையில் கோத்துக்கொண்டான். நகத்தில் மரத்தூள் இருந்தது.

"அவங்க சொன்னது நெசந்தான். எனக்குக் கோவம் இல்ல. அந்த மனுசன் உள்ள கெடந்தப்ப நான் வாயத் தெறக்கல. அவங்க தெறந்தாங்க. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பாக்குறது? அடுத்த மாசம் போவோம், அடுத்த மாசம் போவோம்னு ஒவ்வொரு மாசமும் நெனப்பேன்."

மணி அடிக்கவில்லை. இன்னும் நேரம் இருந்தது. அவன் திரும்பி உள்ளே போய்விட்டான்.

கோபம் இல்லையாம், அக்கா. இத்தனை வருடமும் கோபம் ஆறட்டும் என்றுதானே காத்திருந்தீர்கள்? நான் வாயைத் திறந்திருந்தால் நீங்கள் வேறு மாதிரிச் சொல்லி அனுப்பியிருப்பீர்களோ? வெட்கப்படாதே மகனே, வா என்று ஒரு வார்த்தை? அவன் வந்திருப்பானோ? இதை யாரிடம் கேட்பது? என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய் மழையில் நின்றார்.

அடுத்த மாதம் போனேன். அவன் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. காவல்காரர் தலையை அசைத்ததும் நான் அந்த வாங்கில் போய் உட்கார்ந்தேன். மணி அடிக்கும் வரைக்கும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு நேரம் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. நீங்கள் ஆறு வருடம் உட்கார்ந்தீர்கள்.

இந்தியாவோடு அரசாங்கம் ஒப்பந்தம் போட்டதிலிருந்து இங்கே லயங்களில் வேறு பேச்சு. யார் இந்தியாவுக்குப் போகிறவர்கள், யார் இருக்கிறவர்கள் என்று ஆளாளுக்குக் கணக்குப் போடுகிறார்கள். இவர் போய்விடலாம் என்கிறார். இந்த மண்ணில் மறியல் சோறு தின்றது போதுமாம். திருச்சிப் பக்கம் ஒரு ஊர்ப் பெயர் சொல்கிறார். அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. விண்ணப்பப் பாரத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். நான் இன்னும் கைநாட்டும் வைக்கவில்லை, கையெழுத்தும் வைக்கவில்லை. அந்தோனிக்கு இன்னும் எட்டு வருடத்துக்குமேல் இருக்கிறது. அதுவரை நான் இருப்பேன் என்று உங்களிடம் பொய்ச் சத்தியம் செய்யமாட்டேன். ஒருமுறை மறைத்தது போதும்.

ஆனால் ஒன்றைச் செய்திருக்கிறேன். வெள்ளையம்மாவை ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைமடுவத்துக்கு வரச்சொல்லி, உங்கள் துண்டைப் பார்த்து நான் பழகியபடியே அந்தோனியின் பெயரைச் சிங்களத்தில் எழுதப் பழக்குகிறேன். அவளுக்கு எழுத்து வளைந்து வளைந்து வருகிறது. காவல்காரருக்கு விளங்கினால் போதும். நான் இருக்கும் வரை நான் கொடுப்பேன். எங்களைக் கப்பலேற்றினால் அவள் கொடுப்பாள். அவன் எழுந்து வந்தாலும் சரி, நின்றுவிட்டு உட்கார்ந்தாலும் சரி, மாதக் கடைசிச் சனிக்கிழமை அந்தக் கதவுக்குள்ளே உங்கள் மகனின் பெயரை யாராவது ஒருத்தர் கூப்பிடுவார்கள், அக்கா. அது மட்டும் நிற்காது.

நீங்கள் பெறாத, நீங்கள் கூட்டிக்கொண்ட உங்கள் தங்கச்சி,
பாக்கியம்
கொட்டகலை